தோல் தைக்கும்போது நூல் அறுந்து தொல்லையா? ஊசி முனையைப் பாருங்க!

ஆம்பூர்,

தோல் தையலில் நூல் அறுந்தால் முதலில் திட்டு வாங்குவது நூல். அடுத்து மிஷின். ஆனால் பல நேரங்களில் இரண்டின் மீதும் குற்றம் இல்லை. மிஷினில் மாட்டியிருக்கும் சில ரூபாய் ஊசிதான் நூலை அறுக்கிறது. அதுவும் கடையில் "லெதர் ஊசி" என்று கேட்டு வாங்கி வந்து மாட்டிய ஊசியே இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலுக்கும் ஷூ தயாரிப்புக்கும் பெயர் பெற்றவை. 2019-ம் ஆண்டு வரை இவை எல்லாமே ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. அதன் பிறகு வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தன. இங்குள்ள ஷூ கம்பெனிகளில் அப்பர் தைக்கும் பிரிவில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கம்பெனிக்கு வெளியே பெல்ட், பர்ஸ், பை, செருப்பு என்று சொந்தமாக மிஷின் போட்டுத் தைப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

துணி தைப்பவருக்கு தையல் கோணலாகிவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி தைத்துக் கொள்ளலாம். இஸ்திரி போட்டால் ஓட்டை தெரியாது. தோலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஊசி ஒரு தடவை இறங்கினால் ஓட்டை விழுந்தது விழுந்ததுதான். நூல் அறுந்து, பிரித்து, மறுபடி அதே இடத்தில் தைத்தால் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை விழும். இரண்டும் சேர்ந்து தோல் கிழியும். அந்த அப்பர் ரிஜெக்ட்தான். ஜோடி கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு இது நேரடி நஷ்டம்.

இதை விட மோசமான ஒரு வகை உண்டு. நூல் தைக்கும்போது அறுவதில்லை. வெளியே பார்த்தால் தையல் அழகாக இருக்கும். உள்ளே ஓட்டைக்குள் நூல் பாதி வெட்டுப்பட்டு இருக்கும். வாடிக்கையாளர் வாங்கிப் போய் பத்து நாளில் பையின் வார் பிய்த்துக்கொண்டு வரும். "நல்லாத்தானே தைச்சேன்" என்று தைத்தவர் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

லெதர் ஊசியின் முனை ஒரு கத்தி

ஏன் இப்படி நடக்கிறது என்று புரிய வேண்டுமானால், துணி ஊசிக்கும் தோல் ஊசிக்கும் உள்ள வித்தியாசம் தெரிய வேண்டும்.

துணி என்பது நூல்களால் நெய்தது. நூலுக்கும் நூலுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அதனால் துணி ஊசியின் முனை உருண்டையாக இருக்கும். அது நூலை வெட்டாது. ஓரமாக ஒதுக்கிவிட்டு உள்ளே போகும்.

தோலில் அப்படி இடைவெளி கிடையாது. நார்கள் நாலாபக்கமும் பின்னிக் கிடக்கும். தடித்த தோலில் உருண்டை முனை ஊசியை இறக்கினால் சிரமப்பட்டுத்தான் இறங்கும். ஊசி வளையும். தையல் விட்டுப் போகும். ஊசி சூடேறும். இதற்காகத்தான் தோல் ஊசியின் முனையில் கத்தி போல விளிம்பு வைத்திருக்கிறார்கள். அது தோலை சின்னதாகக் கீறி வழி உண்டாக்கும். பின்னாலேயே நூலும் இறங்கும்.

உலகில் தையல் மிஷினுக்கு வாங்கப்பட்ட ஆரம்ப கால காப்புரிமைகளில் ஒன்று இங்கிலாந்தில் தாமஸ் செயிண்ட் என்பவர் 1790-ம் ஆண்டு வாங்கியது. அது தோல் தைப்பதற்காகத்தான். அதில் முதலில் ஒரு குத்தூசி தோலில் ஓட்டை போடும். அடுத்து நூலோடு ஊசி அந்த ஓட்டையில் இறங்கும். இன்றைக்கும் தெருவோரம் செருப்பு தைப்பவர் குத்தூசியால் வழி செய்துதான் நூலை இழுக்கிறார். மிஷினில் மாட்டும் லெதர் ஊசி அந்த இரண்டு வேலையையும் ஒரே முனையில் செய்கிறது.

இங்கேதான் சிக்கல். அந்தக் கத்திக்கு தோல் எது, நூல் எது என்று தெரியாது. எதிரே எது வந்தாலும் வெட்டும். தோலுக்கு அடியில் துணி இருந்தால் துணியின் இழையை வெட்டும். ஏற்கனவே போட்ட தையல் குறுக்கே வந்தால் அந்தத் தையலை வெட்டும். ரிவர்ஸ் எடுத்தால், ஒரு நிமிஷத்துக்கு முன் தானே போட்ட தையலையும் வெட்டும்.

ஆகவே ஊசி வாங்கும்போது "மேலே என்ன தோல்?" என்று மட்டும் பார்த்தால் போதாது. "ஊசி போகிற வழியில் வேறு என்னென்ன இருக்கிறது?" என்றும் பார்க்க வேண்டும்.

அறுந்த நூலைத் தூக்கி எறியாதீங்க

நூல் அறுந்த உடனே டென்ஷன் திருகில் கை வைப்பது பலரின் பழக்கம். அதற்கு முன் அறுந்த நூலின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். காரணம் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

நுனி பிளேடால் வெட்டியது போல சுத்தமாக இருந்தால், ஏதோ ஒரு கூர்மை நூலை வெட்டியிருக்கிறது. ஊசி முனையாக இருக்கலாம். அல்லது நூல் போகும் வழியில் உலோகத்தில் எங்காவது பிசிறு இருக்கலாம்.

நுனி பஞ்சு போல பிரிந்து இருந்தால், நூல் தேய்ந்திருக்கிறது. நூலுக்கு ஊசி சிறியது, ஊசிக் காது சொரசொரப்பாக இருக்கிறது, ஊசி திரும்பி மாட்டியிருக்கிறது, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

நுனி உருகி சின்ன குண்டு போல இருந்தால், சூடு. ஊசி சூடேறி நைலான் அல்லது பாலியஸ்டர் நூலை உருக்கியிருக்கிறது.

எந்த இடத்தில் அறுகிறது என்பதும் முக்கியம். எப்போதும் தையலின் ஆரம்பத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் எடுக்கும்போதே அறுந்தால் ஊசி முனை மீது சந்தேகப்படலாம். பழைய தையலைக் கடக்கும் இடத்தில் அறுந்தாலும் அப்படித்தான். நேர் தையலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்தால் ஊசி நம்பர், சூடு, நூல் இவற்றைப் பார்க்க வேண்டும்.

முனையில் எத்தனை வகை?

கடையில் "லெதர் ஊசி" என்று பொதுவாகக் கேட்டால் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்துவிடுவார்கள். பாக்கெட்டின் மேல் முனை வகை எழுத்தில் போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும். முக்கியமான வகைகள் இவை:-

எல்.ஆர். முனை: தோலை சாய்வாகக் கீறும். தையலும் லேசாகச் சாய்ந்து அழகாகத் தெரியும். ஷூ அப்பரில் வெளியே தெரியும் தையலுக்கு அதிகம் பயன்படுவது இதுதான்.

எல்.எல். முனை: இதுவும் சாய்வாகத்தான் கீறும், ஆனால் எதிர்ப் பக்கமாக. தையல் நேராகத் தெரியும். வீட்டு மிஷினுக்குக் கிடைக்கும் தோல் ஊசியில் பெரும்பாலும் இந்த முனை இருக்கும்.

எஸ். முனை: தையல் போகும் திசையிலேயே கீறும். தையல் நேராக, தோலுக்குள் அழுந்தி உட்காரும். பெல்ட், பை போன்ற நீளத் தையலுக்கு ஏற்றது. தையலை நெருக்கமாகப் போட்டால் ஒரு கீறலும் அடுத்த கீறலும் சேர்ந்து தோல் கோடாகப் பிளந்துவிடும்.

பி. முனை: தையலுக்குக் குறுக்கே கீறும். தையல் நெருக்கமாக வேண்டும் என்றால் இது உதவும். ஆனால் கீறல் பக்கவாட்டில் போவதால், அருகருகே இரண்டு வரிசை தைக்கும்போது பக்கத்து வரிசை நூல் மேல் ஒரு கண் இருக்க வேண்டும்.

டி. முனை: முழு முக்கோணம். மூன்று பக்கமும் வெட்டும். தடித்த, காய்ந்த, கெட்டியான தோலுக்கு. நூலுக்கும் துணிக்கும் பெரிய எதிரி இதுதான்.

எஸ்.டி.1 முனை: அடிப்படையில் உருண்டை. நுனியில் மட்டும் சின்ன முக்கோணம். தோலும் வேறு பொருளும் சேர்ந்து வரும் வேலைக்கு நடுவாந்திரமான தேர்வு.

ஆர். முனை: உருண்டை. வெட்டும் விளிம்பே கிடையாது. துணி, நாடா, ரெக்சினுக்கு. மெல்லிய, மிருதுவான தோலையும் இதனால் தைக்கலாம். நாரை வெட்டாததால் தையல் பலமாகவும் இருக்கும்.

எந்த முனை எப்படிக் கீறுகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. நூல் கோர்க்காமல், ஒரு வேஸ்ட் தோல் துண்டில் வெறும் ஊசியை பத்து தையல் ஓட்ட வேண்டும். பிறகு துண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தால் உருண்டை ஓட்டையா, கீறலா, கீறல் எந்தத் திசையில் என்பது தெளிவாகத் தெரியும்.

இந்த இடங்களில் கத்தி முனை வேண்டாம்

நூலையும் இழையையும் வெட்டிக் கெடுக்கும் இடங்கள் என்று சில உண்டு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

ரெக்சின்: பார்க்க தோல் மாதிரி இருக்கும். ஆனால் அது பிளாஸ்டிக் பூசிய துணி. பலமே அடியில் இருக்கும் துணியில்தான். ஆட்டோ சீட், பைக் சீட் கவர் தைப்பவர்கள் லெதர் ஊசி போட்டால் அந்தத் துணியின் இழைகள் வெட்டுப்படும். உட்கார உட்கார தையல் ஓரமாகவே சீட் கிழியும். தபால் தலையைக் கிழிப்பது போல வரிசையாகப் பிரிந்து வரும். ரெக்சினுக்கு உருண்டை முனைதான் சரி.

நாடா: பை வார், பெல்ட் வார்களில் நைலான் அல்லது பருத்தி நாடா வைத்துத் தைப்பார்கள். வாரின் பாரத்தைத் தாங்குவது அந்த நாடாவின் இழைகள். நாடா மட்டும் வரும் இடத்தில் கண்டிப்பாக உருண்டை முனை. தோலும் நாடாவும் சேர்ந்து வந்தால் எஸ்.டி.1 அல்லது உருண்டை முனை.

எலாஸ்டிக்: கயிறு இல்லாத ஷூக்களில் இரண்டு பக்கமும் எலாஸ்டிக் துண்டு வரும். உள்ளே ரப்பர் இழைகள் ஓடும். கத்தி முனை அதை வெட்டினால் எலாஸ்டிக் இழுத்த பிறகு திரும்பி வராது. ஷூ தொளதொளவென்று ஆகிவிடும்.

துணி லைனிங்: மேலே தோல், அடியில் துணி என்றால் துணியில் ஓட்டை பெரிதாகி இழை பிரியும். தோல் மெல்லியதாக இருந்தால் உருண்டை முனைக்கு மாறலாம். தடித்ததாக இருந்தால் எஸ்.டி.1 போட்டுப் பார்க்கலாம்.

பழைய தையல் மேல் தையல்: ரிப்பேர் வேலையில் இது அதிகம். செருப்பு வார், பை ஓரம் என்று பழைய ஓட்டையிலேயே மறுபடி தைக்க வேண்டி வரும். வழி ஏற்கனவே இருக்கிறது. அங்கே கத்திக்கு வேலை இல்லை. உருண்டை முனையைப் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு ஓட்டையாக இறக்கினால் தோலும் தப்பும், மிச்சம் இருக்கும் நல்ல நூலும் தப்பும்.

ரிவர்ஸ் எடுப்பதில் கவனம்

தையல் பிரியாமல் இருக்க முடிவில் ரிவர்ஸ் எடுப்பது துணி தையலில் வந்த பழக்கம். உருண்டை முனைக்கு அது சரி. கத்தி முனை ஊசியில் அப்படியே செய்தால், பலம் சேர்க்கப் போய் பலத்தைக் குறைத்த கதையாகிவிடும். ரிவர்ஸில் ஊசி அதே ஓட்டையில் இறங்கும்போது உள்ளே ஏற்கனவே நூல் இருக்கிறது. கத்தி அதன் மேல் இறங்குகிறது. நாலு முறை முன்னும் பின்னும் ஓட்டினால் நாலு முறை வெட்டு.

பை வார் ஏன் எப்போதும் தையல் முடிகிற இடத்திலேயே பிய்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்கூல் பையாக இருந்தாலும் சரி, தொழிலாளி தோளில் மாட்டும் டூல்ஸ் பையாக இருந்தாலும் சரி, பாரம் முழுக்க இழுப்பது அந்த முடிவு இடத்தைத்தான்.

இதைத் தவிர்க்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ரிவர்ஸ் எடுக்காமல் நூலை கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டி, மேல் நூலை அடிப்பக்கம் இழுத்து, அடி நூலோடு முடிச்சுப் போட்டு, நுனியை லைட்டரால் உருக்கி அமுக்கிவிடுவது. நைலான், பாலியஸ்டர் நூலுக்கு இது ஒத்துவரும். பருத்தி நூல் உருகாது. அதற்கு ஒரு சொட்டு பசை வைக்கலாம்.

இரண்டாவது வழி, ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு, மூன்று தையலோடு நிறுத்திக் கொள்வது. வேகமாக ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் சுற்றி எடுப்பது நல்லது. பாரம் தாங்கும் இடமாக இருந்தால் அந்த வேலையை மட்டும் தனியாக ஒதுக்கி வைத்து, ஊசியை உருண்டை முனைக்கு மாற்றிக்கொண்டு மொத்தமாக முடிக்கலாம்.

நூலுக்கு ஏற்ற நம்பர்

முனை சரியாக இருந்தும் நம்பர் தவறினால் நூல் அறும். ஊசிப் பாக்கெட்டில் 100/16, 110/18 என்று இரண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் ஊசியின் கனம். 100 என்றால் 1 மில்லி மீட்டர். 140 என்றால் 1.4 மில்லி மீட்டர். இரண்டாவது நம்பர் பழைய சிங்கர் கணக்கு. இரண்டும் ஒரே அளவைத்தான் சொல்கின்றன.

நூல் விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. நூல் கண்டில் டிக்கெட் நம்பர் போட்டிருந்தால், நம்பர் கூடக் கூட நூல் மெல்லியதாகும். 40-ம் நம்பரை விட 20-ம் நம்பர் நூல்தான் தடிமன். டெக்ஸ் என்று போட்டிருந்தால் நேர் எதிர். நம்பர் கூடினால் நூலும் தடிக்கும்.

பொதுவான கணக்கு இது:-

டிக்கெட் 60 நூலுக்கு 90 முதல் 100 வரை உள்ள ஊசி (14 முதல் 16 நம்பர்).

டிக்கெட் 40 நூலுக்கு, அதாவது சுமார் டெக்ஸ் 70-க்கு, 100 முதல் 110 (16 முதல் 18).

டிக்கெட் 30 நூலுக்கு, சுமார் டெக்ஸ் 90-க்கு, 110 முதல் 125 (18 முதல் 20).

டிக்கெட் 20 நூலுக்கு, சுமார் டெக்ஸ் 135-க்கு, 130 முதல் 140 (21 முதல் 22).

டெக்ஸ் 210 போன்ற தடித்த நூலுக்கு 160 முதல் 180 (23 முதல் 24).

தோல் கெட்டியாக இருந்தால் இதில் பெரிய நம்பரும், மிருதுவாக இருந்தால் சிறிய நம்பரும் எடுக்கலாம்.

ஊசி சிறியதாக இருந்தால் என்ன ஆகும்? மேல் நூலும் அடி நூலும் பின்னிக்கொள்ளும் முடிச்சு தோலின் நடுவில் உட்கார வேண்டும். ஓட்டை சிறியதாக இருந்தால் முடிச்சு உள்ளே ஏறாது. அடிப்பக்கமே நிற்கும். தைப்பவர் டென்ஷனைக் கூட்டுவார். இன்னும் ஏறாது. மறுபடி கூட்டுவார். கடைசியில் நூல் படாரென்று அறும். இந்த இடத்தில் திருக வேண்டியது டென்ஷனை அல்ல. மாற்ற வேண்டியது ஊசியை. ஒரு நம்பர் பெரிய ஊசி போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அதற்காக ரொம்பப் பெரிய ஊசியும் கூடாது. ஓட்டைக்குள் நூல் ஆடும். முடிச்சு வெளியே தெரியும். மழைத் தண்ணீர் உள்ளே போகும்.

நூலுக்கு ஊசி பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஊசியை மிஷினில் இருந்து கழற்றி, ஒன்றரை அடி நூலை அதன் காதில் கோர்க்க வேண்டும். நூலின் இரண்டு முனையையும் விறைப்பாகப் பிடித்துச் சாய்த்தால் ஊசி தன் பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் நின்றுவிட்டால் அந்த நூலுக்கு ஊசி சிறியது. ஒட்டாமல் சர்ரென்று கீழே விழுந்தால் பெரியது.

மிஷினுக்கு எந்த ஊசி?

முனையும் நம்பரும் போக, ஊசிக்கு "சிஸ்டம்" என்று ஒன்று உண்டு. ஊசியின் நீளம், அடித்தண்டின் கனம் எல்லாம் அதில் அடக்கம். மிஷினுக்கு என்ன சிஸ்டமோ அதைத்தான் போட வேண்டும்.

தோல் தைக்கும் வாக்கிங் புட் மிஷின்கள் பலவற்றில் 135×16, 135×17 என்று இரண்டு ஊசிகள் போடுவார்கள். இரண்டும் ஒரே நீளம், ஒரே தண்டு. ஒன்றைக் கழற்றி மற்றதை அப்படியே மாட்டலாம். 135×16 தோலுக்கான வெட்டும் முனை. 135×17 துணிக்கான உருண்டை முனை. ஒரு எண்தான் வித்தியாசம் என்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு. தைப்பவர் கவனிக்காமல் மாட்டிவிடுவதும் உண்டு. இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே பெரிதாக "தோல்", "துணி" என்று எழுதி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

சாதாரண டெய்லரிங் பவர் மிஷினில் போடும் டி.பி.×1 ஊசியின் தண்டு 1.62 மில்லி மீட்டர். 135×17 ஊசியின் தண்டு 2 மில்லி மீட்டர். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. வீட்டில் மிதிக்கும் மிஷினுக்கு தட்டைத் தண்டு ஊசி. அதிலும் தோல் முனை கிடைக்கிறது. மெல்லிய தோலுக்கு மட்டும் அது போதும். பெல்ட் தோலை வீட்டு மிஷினில் ஓட்டினால் ஊசி உடையும், மிஷினும் கெடும்.

திரும்பி மாட்டினாலும் அறுக்கும்

வீட்டு மிஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டை என்பதால் தப்பாக மாட்ட முடியாது. பவர் மிஷின் ஊசி முழு உருண்டை. எப்படி வேண்டுமானாலும் திரும்பி உட்காரும். இதுதான் ஆபத்து.

ஊசியின் ஒரு பக்கம் மேலிருந்து காது வரை நீளமாக ஒரு பள்ளம் இருக்கும். நூல் அந்தப் பள்ளத்துக்குள் பதுங்கித்தான் தோலைத் தாண்டுகிறது. நூல் எந்தப் பக்கத்தில் இருந்து காதுக்குள் போகிறதோ, அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும். எதிர்ப் பக்கம் காதுக்கு மேலே இருக்கும் குழிவு ஹூக்கைப் பார்த்து இருக்க வேண்டும். கொஞ்சம் திரும்பி மாட்டினாலும் நூல் பள்ளத்தை விட்டு வெளியே வந்து தோலில் உரசும். கத்தி முனையாக இருந்தால் கீறலின் திசையும் மாறிப்போகும். தையல் கோணலாகத் தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வேகமும் சூடும்

பாலியஸ்டர் நூலும் நைலான் 66 நூலும் சுமார் 250 முதல் 260 டிகிரி செல்சியசில் உருகும். தடித்த தோலில் வேகமாக ஓட்டும்போது ஊசி உரசி உரசி நூலை உருக்கும் அளவுக்குச் சூடேறிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஊசியைச் சுற்றி காற்றும் நூலும் நகர்ந்துகொண்டே இருப்பதால் தப்பித்துவிடும். மிஷினை நிறுத்திய நொடியில் காதுக்குள் நிற்கும் நூல் உருகி அறும். "நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் அறுக்குது" என்று புலம்புபவர்கள் நூல் நுனியில் குண்டு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

வேகத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. நூல் போகும் வழியில் சிலிகான் எண்ணெய் தடவிய சின்ன பஞ்சு வைப்பதும் உதவும். ஒட்டுவதற்குப் போட்ட சொல்யூஷன் காயாமல் இருந்தால் ஊசியில் பிசுக்காக ஏறி நூலைப் பிடித்து இழுக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே தைக்க வேண்டும்.

எல்லாம் சரி, இன்னும் அறுக்குதா?

ஊசி முனை, நம்பர், மாட்டிய விதம் எல்லாம் சரியாக இருந்தும் நூல் அறுந்தால் மற்ற இடங்களைப் பார்க்க வேண்டும்.

நீடில் பிளேட் ஓட்டையில் முன்பு எப்போதோ ஊசி இடித்து பிசிறு உண்டாகியிருக்கலாம். ஹூக் நுனியிலும் அப்படி இருக்கலாம். விரல் நகத்தை மெதுவாக ஓட்டினால் சிக்கும். மிக நைசான உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினால் சரியாகும்.

நூலின் முறுக்கும் முக்கியம். சாதாரண தையல் மிஷினுக்கு இடது முறுக்கு நூல் வேண்டும். வலது முறுக்கு நூலைப் போட்டால் ஓட ஓட முறுக்கு பிரிந்து பஞ்சாகி அறும். நூலை இரண்டு கையிலும் குறுக்காகப் பிடித்து, வலது கை விரல்களால் தன்னை நோக்கி உருட்டிப் பார்க்க வேண்டும். முறுக்கு இறுகினால் மிஷினுக்கு ஆகும். பிரிந்தால் ஆகாது.

ஊசியின் ஆயுளும் கணக்கில் இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் ஓட்டினால் ஊசியை மாற்றிவிடுவது நல்லது என்பது பொதுவான விதி. கடினமான தோலில் அதற்கு முன்பே முனை மழுங்கும். முனையை நகத்தின் மேல் லேசாக இழுத்தால் கோடு விழும் அளவுக்குப் பிசிறு இருக்கக் கூடாது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்துவிட வேண்டும். ஷூவுக்குள் மாட்டிய ஊசித் துண்டு போடுபவரின் காலைப் பதம் பார்த்துவிடும்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்

புதுத் தோல், புது நூல், புது வேலை எதுவாக இருந்தாலும் நேராக அப்பரில் கை வைக்காமல் அதே தோல், அதே லைனிங், அதே எண்ணிக்கை அடுக்கு வைத்து ஒரு வேஸ்ட் துண்டில் ஒரு சாண் நீளம் தைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு முனையில் ரிவர்ஸ் எடுத்து, மற்ற முனையில் எடுக்காமல் விட வேண்டும். பிறகு இரண்டு பக்கத்தையும் கையால் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். ரிவர்ஸ் எடுத்த இடத்தில் முதலில் நூல் விட்டால், ஊசி நூலை வெட்டுகிறது என்று அர்த்தம். ஒரு தையலைப் பிரித்து நூலை வெளியே எடுத்தாலும் வெட்டுக் காயம் கண்ணுக்கே தெரியும்.

சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ம் ஆண்டில் இருந்து இயங்கி வருகிறது. கிண்டியில் மத்திய காலணிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தொழிலை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களும் பெண்களும் அங்கு நடக்கும் பயிற்சிகள் பற்றி விசாரித்துக் கொள்ளலாம். ஆனால் மேலே சொன்ன சோதனைகளுக்கு எந்தப் படிப்பும் தேவையில்லை. வேஸ்ட் துண்டு ஒன்று, வெளிச்சம், ஐந்து நிமிஷம் இருந்தால் போதும்.

தோல் விலை, கூலி, நேரம் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் தையல் வேலையில் மலிவான பொருள் ஊசிதான். அடுத்த முறை கடைக்குப் போகும்போது "லெதர் ஊசி" என்று மட்டும் கேட்காமல் சிஸ்டம், முனை, நம்பர் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். கூடவே அதே சிஸ்டத்தில் உருண்டை முனை ஊசி ஒரு பாக்கெட்டும் வாங்கி வையுங்கள். நாடா வரும்போதும், ரெக்சின் வரும்போதும், பழைய தையல் மேல் தைக்கும்போதும் அது கை கொடுக்கும்.